தொட்டால் குளிர்வது ஏன்? – ஜோசப் ஃபூரியரின் வாழ்க்கை

குளிர்காலத்து விடியற்காலையில் பாயை விட்டு எழுந்து சிமெண்டுத் தரையில் காலை வைத்தால் சில்லென்கிறது. பாயிலேயே நின்றுகொண்டிருந்தால் அவ்வளவு குளிர்வதில்லை. ஜன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டால் விரல் சட்டென்று பின்வாங்குகிறது. அந்தக் கம்பியைத் தாங்கி நிற்கும் மரச்சட்டத்தைத் தொட்டால் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. இரும்பு குளிர்ந்த பொருள், மரம் அவ்வளவு குளிராத பொருள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால், இரவு முழுவதும் ஒரே அறையில், வெயிலோ நெருப்போ படாமல் கிடந்த பொருள்கள் எல்லாம் விடிவதற்குள் ஒரே வெப்பநிலையை அடைந்துவிடுகின்றன. வெப்பமானியை இரும்பின்மேல் பொருத்திப் பார்த்தாலும், மரத்தின்மேல் பொருத்திப் பார்த்தாலும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும். அப்படியானால் நம் விரல் நம்மை ஏமாற்றுகிறதா? அல்லது வெப்பமானிதான் ஏமாற்றுகிறதா?

இரண்டும் ஏமாற்றவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. இந்த வேறுபாட்டைக் கணிதத்தின் துணைகொண்டு தெளிவாக்கித் தந்தவர் ஜான் பாப்டிஸ்ட் ஜோசப் ஃபூரியர் என்ற பிரெஞ்சு நாட்டு அறிஞர். தாய் தந்தையரை இழந்த சிறுவனாய், துறவு மடத்தில் இளைஞனாய், சிறைக் கைதியாய், எகிப்துப் பயணியாய், ஒரு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராய் வாழ்ந்த அவர், அவற்றுக்கிடையே வெப்பம் நடக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அவருடைய வரலாற்றை அறிந்தால் விரலின் வினாவுக்கும் விடை கிடைக்கும்.

தையற்காரரின் மகன்

ஃபூரியர் 1768-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆம் நாள், பிரான்சு நாட்டில் ஒசேர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தையற்காரர். வீடு நிறையப் பிள்ளைகள். செல்வம் இல்லை. ஃபூரியருக்கு ஒன்பது வயது ஆகும்போது தாய் இறந்தார். அடுத்த ஆண்டில் தந்தையும் இறந்தார். பத்து வயதிற்குள் அந்தச் சிறுவன் ஆதரவற்றவன் ஆனான்.

அவனுடைய பணிவையும் கூர்மையையும் கண்டு இரங்கிய ஓர் அம்மையார், ஒசேர் நகர ஆயரிடம் அவனுக்காகப் பரிந்து பேசினார் என்பர். ஆயரின் உதவியால், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நடத்திவந்த இராணுவப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்தது. அனாதைச் சிறுவன் ஒருவனுக்கு அந்தத் துறவிகள் அன்று கதவைத் திறந்திராவிட்டால், ஒருவேளை அவனும் ஏதேனும் ஒரு தெருவில் ஊசியும் நூலுமாய் வாழ்ந்து மறைந்திருப்பான். உலகம் அவனை அறிந்திருக்காது.

பள்ளியில் முதலில் அவனுக்கு இலக்கியத்தில்தான் நாட்டம். அவன் எழுதிக் கொடுத்த பிரசங்கங்களைப் பெரிய பெரிய குருக்களே கோவிலில் பயன்படுத்தினர் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு! ஆனால் பதின்மூன்று வயதில் கணிதம் அவனைப் பிடித்துக்கொண்டது. பகற்பொழுது போதவில்லை. சமையலறையிலும் நடைபாதைகளிலும் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எல்லோரும் உறங்கிய பின், குளிர் காய்வதற்கான அடுப்பங்கரையின் மறைவில் உட்கார்ந்து கணக்குப் போடுவானாம்.

மடமும் புரட்சியும்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் படையின் பீரங்கிப் பிரிவில் சேர ஃபூரியர் விரும்பினார். உயர்குடியில் பிறக்காதவர் என்ற காரணத்தால் அந்த வழி அடைபட்டது. 1787-ஆம் ஆண்டு அவர் லோயர் ஆற்றங்கரையில் உள்ள சான்-பெனுவா மடத்தில் நவசந்நியாசியாகச் சேர்ந்தார். புனித ஆசீர்வாதப்பரின் திருப்பண்டங்களைக் காத்துவரும் பழம்பெரும் மடம் அது. அங்கே உடன் இருந்த நவசந்நியாசிகளுக்குக் கணிதம் கற்பித்தார். தம் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு மறுநாள் எழுதிய கடிதம் ஒன்றில், இந்த வயதில் நியூட்டனும் பாஸ்கலும் அழியாப் புகழுக்கு உரியவர்களாகிவிட்டார்களே என்று ஏங்கி எழுதினார். தேவ அழைத்தலா, கணிதமா என்று மனம் இருபக்கமும் இழுபட்ட காலம் அது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. துறவிகள் வார்த்தைப்பாடு கொடுப்பதைப் புதிய தேசிய மன்றம் அவ்வாண்டின் இறுதிப்பகுதியில் நிறுத்திவைத்தது. ஃபூரியர் வார்த்தைப்பாடு கொடுக்காமலே மடத்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டில், தாம் படித்த அதே பள்ளியிலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

புரட்சி ஏழைகளுக்கு நீதி தரும் என்று நம்பி அவரும் அதில் ஈடுபட்டார். ஆனால் நீதி கேட்டு எழுந்த புரட்சி நாளடைவில் தலைகளைக் கேட்கத் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட சில குடும்பங்களுக்காக ஃபூரியர் துணிந்து வாதாடினார். அதன் விளைவு, 1794-ஆம் ஆண்டு ஜூலையில் அவரே சிறைப்பட்டார். தலைவெட்டும் எந்திரத்திற்குத் தாமும் அனுப்பப்படலாம் என்ற அச்சத்தில் நாள்களைக் கழித்தார். அந்த மாத இறுதியில் ரோபஸ்பியர் வீழ்ந்தார், சிறைக்கதவுகள் திறந்தன, ஃபூரியர் உயிர் தப்பினார்.

1795-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பாரிஸ் நகரில் ஒரு புதிய கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே லாக்ராஞ்சு, லாப்லாஸ், மாஞ்சு ஆகிய மூன்று பெரும் கணித மேதைகளிடம் அவர் பாடம் கேட்டார். சில ஆண்டுகளில் பாலிடெக்னிக் கல்லூரியில் லாக்ராஞ்சு வகித்த பதவியே அவருக்குக் கிடைத்தது.

எகிப்தும் கிரெனோபிளும்

1798-இல் நெப்போலியன் எகிப்தின்மேல் படையெடுத்தபோது, வீரர்களோடு அறிஞர் குழு ஒன்றையும் உடன் அழைத்துச் சென்றார். அக்குழுவில் ஃபூரியரும் இருந்தார். கெய்ரோவில் நிறுவப்பட்ட ஆராய்ச்சிக் கழகத்திற்கு அவர் செயலாளரானார். பாலைவனத்தின் வெப்பம் அவருடைய உடலுக்கு ஒத்துக்கொண்டது போலும்! 1801-இல் பிரான்சு திரும்பிய பிறகு, வாழ்நாள் முழுவதும் குளிர் தாங்க மாட்டாதவராகவே இருந்தார். கோடைக் காலத்திலும் கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவார். அறையை எப்போதும் நெருப்பு மூட்டிச் சூடாகவே வைத்திருப்பார். வெப்பத்தை ஆராய்ந்தவர், வெப்பத்தைத் தேடியே வாழ்ந்தார்.

பாரிசில் பேராசிரியராக இருக்கவே அவர் ஆசைப்பட்டார். நெப்போலியனோ 1802-இல் அவரை ஈசேர் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக்கி, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள கிரெனோபிள் நகருக்கு அனுப்பிவிட்டார். விரும்பாத பதவிதான்; ஆயினும் ஃபூரியர் அதைக் குறைவின்றிச் செய்தார். பூர்குவான் என்ற ஊரைச் சுற்றியிருந்த பெரிய சதுப்பு நிலங்களால் அப்பகுதி மக்களைக் காய்ச்சல் வாட்டிவந்தது. பல சிற்றூர்களுக்கிடையே நிலத் தகராறு இருந்ததால் அதை வற்ற வைக்க யாராலும் முடியவில்லை. ஃபூரியர் ஊர் ஊராகச் சென்று பொறுமையோடு பேசி, அனைவரையும் இணங்கச் செய்து, அந்தச் சதுப்பை வற்ற வைத்தார். மலையைக் கடந்து இத்தாலியின் தூரின் நகருக்குச் செல்லும் புதிய சாலைப் பணியையும் மேற்கொண்டார். எகிப்தைப் பற்றி வெளிவந்த மாபெரும் நூல் தொகுதிக்கு முன்னுரையும் எழுதினார்.

இத்தனை வேலைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ 1804-ஆம் ஆண்டு முதல், வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கினார்.

வெப்பம் நடக்கும் வழி

அக்காலத்து அறிஞர்களில் பலர் வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாய்மம் என்று நம்பினர். வேறு சிலர் அது பொருளின் நுண்துகள்களின் அசைவு என்றனர். ஃபூரியர் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. வெப்பம் எதுவாகவேனும் இருக்கட்டும், அது எந்த விதிப்படி நடக்கிறது என்பதை மட்டும் கண்டறிவோம் என்று தொடங்கினார்.

அவர் கண்ட விதி எளிமையானது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல், வெப்பநிலை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வெப்பம் ஓடுகிறது. சரிவு இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்காகும். ஆனால் சரிவு ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பொருள்களிலும் ஓட்டம் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தைக் கடத்தும் திறன் வேறு. வெப்பத்தை ஏற்றுத் தன்னுள் வைத்துக்கொள்ளும் திறன் வேறு. தன் மேற்பரப்பு வழியாக வெப்பத்தை வெளியே விடும் திறன் வேறு. இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டி, மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்தார்.

கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. ஓர் இரும்பு வளையத்தில் ஆங்காங்கே துளையிட்டு வெப்பமானிகளைப் பொருத்தினார். வளையத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கிவிட்டு, அது ஆறும்போது ஒவ்வோரிடத்திலும் வெப்பநிலையைக் குறித்தார். சிறிது நேரம் சென்றபின், வளையத்தில் எதிரெதிரே உள்ள எந்த இரண்டு புள்ளிகளை எடுத்து அவற்றின் வெப்பநிலைகளைக் கூட்டினாலும் ஒரே தொகைதான் வரவேண்டும் என்று அவருடைய கணக்குக் கூறியது. வெப்பமானிகளும் அதையே கூறின.

இனி நம் விரலின் வினாவுக்கு வருவோம். நம் கையின் தோல் பொதுவாக 33 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கிறது. குளிர்ந்த காலையில் அறையின் வெப்பநிலை 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரும்பும் 20, மரமும் 20. இரண்டுமே கையைவிடக் குளிர்ந்தவை. ஆகவே தொட்ட கணமே கையிலிருந்து வெப்பம் இரண்டுக்குள்ளும் ஓடத் தொடங்குகிறது.

மரம் வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. விரல் பட்ட இடத்தில் மரத்தின் மெல்லிய மேற்பகுதி சூடாகிவிடுகிறது. அந்த வெப்பம் உள்ளே போகாமல் அங்கேயே தங்குகிறது. பிறகு விரலிலிருந்து அதிக வெப்பம் வெளியேறுவதில்லை. உலோகமோ விரல் தந்த வெப்பத்தை உடனுக்குடன் உள்ளே அனுப்பிவிட்டு மேலும் மேலும் வாங்குகிறது. செம்பு, மரத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது.

தொட்ட இடத்தில் தோலின் வெப்பநிலை என்னவாகும் என்பதை ஃபூரியரின் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். அதற்குப் பொருளின் கடத்துதிறன், அடர்த்தி, வெப்பத்தை ஏற்கும் திறன் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும். மேலே சொன்ன குளிர்ந்த காலையில் 33 டிகிரியில் உள்ள விரல் மரத்தைத் தொட்டால், தொட்ட இடம் சுமார் 29 டிகிரிக்கு இறங்குகிறது. எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டாலோ சுமார் 22 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகள் உணர்வது இரும்பின் வெப்பநிலையையும் அன்று, மரத்தின் வெப்பநிலையையும் அன்று; தோலின் சொந்த வெப்பநிலையை. அது எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு குளிர் என்று அவை மூளைக்குச் சொல்கின்றன.

ஆகவே, குளிர்கிறது என்று விரல் சொல்லும்போது, தான் இழக்கும் வெப்பத்தைப் பற்றியே அது சொல்கிறது. வெப்பமானி பொருளைப் பற்றிச் சொல்கிறது. விரல் தன்னைப் பற்றிச் சொல்கிறது.

இது உண்மையானால், கையைவிடச் சூடான பொருள்களில் நிலைமை தலைகீழாக வேண்டும் அல்லவா? அப்படியேதான் ஆகிறது. கோடை வெயிலில் கிடந்த இரும்பு கையைச் சுடுகிறது. அதே வெயிலில் அதே அளவு காய்ந்த மரம் அவ்வளவு சுடுவதில்லை. குளிர்ந்தபோது விரைந்து வாங்கிய இரும்பு, சூடானபோது விரைந்து கொடுக்கிறது. பொருளும் கையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரும்புக்கும் மரத்துக்கும் வேறுபாடே தெரியாது.

மாணவியர் தாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேசைமேல் நெடுநேரம் கிடந்த ஓர் எவர்சில்வர் தட்டையும் ஒரு மரப்பலகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டுப் பாருங்கள், தட்டுதான் அதிகக் குளிர்ச்சியாகத் தோன்றும். இப்போது ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை ஒன்றில் ஒன்றாக வையுங்கள். எது முதலில் உருகும்? குளிர்ந்த தட்டில் உள்ளதுதான் நெடுநேரம் நிற்கும் என்று பலரும் சொல்வர். ஆனால் தட்டில் உள்ளதே விரைவில் உருகித் தண்ணீராகும். கையிலிருந்து வெப்பத்தை விரைந்து வாங்கிய அதே உலோகம், தன் வெப்பத்தையும் சுற்றிலுமுள்ள வெப்பத்தையும் பனிக்கட்டிக்கு விரைந்து கொடுத்துவிடுகிறது. பனிக்கட்டிப் பாளங்களை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதன் காரணமும் இப்போது விளங்கும். கம்பளி நம்மைச் சூடாக்குவதும் இல்லை, பனிக்கட்டியைக் குளிர வைப்பதும் இல்லை. தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, இருக்கும் வெப்பத்தை அங்கங்கே நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே.

பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு

1807-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஃபூரியர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பாரிஸ் அறிஞர் கழகத்தில் அளித்தார். அதை ஆராய அமர்ந்த நால்வரில் மூவர், அவர் யாரிடம் பாடம் கேட்டாரோ அந்த லாக்ராஞ்சு, லாப்லாஸ், மாஞ்சு ஆகியோரே. எப்படிப்பட்ட வெப்பப் பரவலையும் சைன், கொசைன் அலைகள் பலவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்று ஃபூரியர் கூறியிருந்தார். லாக்ராஞ்சு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுரை அச்சேறவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வெப்பப் பரவலைப் பற்றியே கழகம் ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. ஃபூரியர் கட்டுரையை விரிவாக்கி 1811-இல் அனுப்பினார். 1812-இல் பரிசு அவருக்கே வந்தது. ஆனால் நிறுவிய முறையில் தெளிவும் உறுதியும் போதவில்லை என்ற குறிப்பும் கூடவே வந்தது. அப்போதும் கட்டுரையை அச்சிடவில்லை.

ஆசிரியராக மதித்தவர்களே ஏற்க மறுத்தால் மனம் எவ்வளவு நோகும்! ஃபூரியர் தம் கருத்தை விட்டுவிடவும் இல்லை. பெரியோரை இகழ்ந்து திரியவும் இல்லை. எதிர்ப்புகளுக்கு விடை எழுதினார், கணக்கைத் திருத்தினார், சோதனைகளை மேலும் செய்தார்.

இதற்கிடையில் அரசியல் புயல் மீண்டும் அவரை அலைக்கழித்தது. 1815-இல் எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் கிரெனோபிள் வழியாகப் பாரிசை நோக்கி வந்தார். மன்னருக்குக் கட்டுப்பட்டிருந்த ஃபூரியர் நகரை விட்டு விலகினார். நெப்போலியன் முதலில் சினந்தார். பின்னர் அவரையே வேறொரு மாவட்டத்துக்குத் தலைவராக்கினார். அந்தப் பதவியும் நீடிக்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்தபோது, ஃபூரியர் பதவியும் வருவாயும் இன்றிப் பாரிசில் நின்றார். அவரிடம் முன்பு படித்த ஷாப்ரோல் என்பவர் அப்போது பாரிஸ் பகுதியின் ஆட்சித் தலைவராக இருந்தார். பழைய ஆசிரியரை மறவாத அந்த மாணவர், புள்ளியியல் அலுவலகத்தில் அவருக்குப் பொறுப்பளித்துக் காப்பாற்றினார்.

1816-இல் அறிவியல் கழகம் ஃபூரியரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நெப்போலியனிடம் பதவி வகித்தவர் என்பதால் மன்னர் பதினெட்டாம் லூயி இசைவளிக்க மறுத்தார். மறு ஆண்டு கழகம் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. இம்முறை மன்னர் இசைந்தார். 1822-இல் வெப்பத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. முதற்கட்டுரை எழுதிப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அதே ஆண்டில் கழகத்தின் நிலைச் செயலாளர்களில் ஒருவராகவும் ஆனார். லாக்ராஞ்சு ஏற்க மறுத்த அந்த அலைகளின் கூட்டு, இன்று ஃபூரியர் தொடர் என்ற பெயரில் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. ஒலி, ஒளி, வானொலி ஆகிய துறைகளில் அதன் துணையின்றி நடப்பது அரிது.

1824-இல் அவர் இன்னும் பெரிய வினா ஒன்றை எடுத்துக்கொண்டார். நாம் வாழும் பூமியின் வெப்பநிலை எதனால் இந்த அளவில் நிற்கிறது? சூரிய ஒளியைக் காற்று மண்டலம் எளிதில் உள்ளே விடுகிறது. பூமியிலிருந்து திரும்பும் ஒளியற்ற வெப்பத்தையோ அவ்வளவு எளிதில் வெளியே விடுவதில்லை என்று அவர் எழுதினார். பூமி சூடேறி வருவதைப் பற்றி இக்காலத்து அறிஞர்கள் பேசும்போது, அவருடைய பெயரை முன்னோடியாக நினைவுகூர்கின்றனர்.

பாதரசத்தால் ஒரு விரல்

1828-இல், அறுபது வயதில், ஃபூரியர் ஒரு சிறு கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தொடு வெப்பமானி என்று அதற்குப் பெயர். மெல்லிய இரும்பால் கூம்பு வடிவில் செய்த பாத்திரம், அதில் பாதரசம், அடிப்பக்கத்தை மூடி மெல்லிய தோல், பாதரசத்துக்குள் ஒரு வெப்பமானி. இதைக் குறிப்பிட்ட அளவுக்குச் சூடாக்கி, ஆராயவேண்டிய பொருளின்மேல் வைக்கவேண்டும். துணி, காகிதம் போன்ற மெல்லிய பொருளானால் அதைச் சலவைக்கல்லின்மேல் விரித்து, அதன்மேல் கருவியை வைக்கவேண்டும். உள்ளே இருக்கும் வெப்பமானி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால், அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

சற்று எண்ணிப் பார்த்தால் இக்கருவியே ஒரு விரல்தான். நம் விரலைப்போல அதற்குத் தோல் உண்டு. உள்ளே சூடு உண்டு. தொட்டால் சூட்டை இழக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: நம் விரல் சில்லென்கிறது என்று மட்டும் சொல்லும், ஃபூரியரின் விரல் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எண்ணிச் சொல்லும்.

நோயுற்ற குழந்தையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலை மதிப்பிடும் தாய்மாரும் இதை மனத்தில் கொள்வது நல்லது. தண்ணீரில் வேலை செய்துவிட்டு வந்த கைக்கு எல்லா நெற்றியும் சுடும். அடுப்பருகே இருந்த கைக்குக் காய்ச்சல் நெற்றியும் சுடாமல் போகலாம். அன்புக்குக் கை போதும். காய்ச்சலுக்கு வெப்பமானி வேண்டும்.

சோஃபிக்கு ஓர் இருக்கை

ஃபூரியரின் நண்பர்களுள் ஒருவரை இம்மலரைப் படிக்கும் மாணவியர் கட்டாயம் அறியவேண்டும். அவர் பெயர் சோஃபி ஜெர்மேன். 1776-இல் பாரிசில் பிறந்தவர். புரட்சி வெடித்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி. வெளியே போக முடியாத நாள்களில் தந்தையின் நூலகத்தில் கணித நூல்களைக் கண்டு அவற்றிலேயே மூழ்கினார். பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று பெற்றோர் தடுத்தனர். இரவில் படிக்காதிருக்க அறையின் நெருப்பை அணைத்தனர். விளக்கையும் உடைகளையும் எடுத்துச் சென்றனர். சோஃபியோ போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியின் ஒளியில் கணக்குப் போட்டார். காலையில் பார்த்தால் மைக்கூட்டில் மை உறைந்திருக்குமாம். அதைக் கண்ட பெற்றோர் மனம் இளகிப் பின்னர் தடுக்கவில்லை.

ஒசேர்ப் பள்ளியில் மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கிய சிறுவனும், பாரிசில் மெழுகுவர்த்தியை ஒளித்து வைத்த சிறுமியும் பிற்காலத்தில் நண்பர்களானதில் வியப்பில்லை. ஆனால் இருவருக்கும் உலகம் ஒரே வழியைத் திறக்கவில்லை. பெண் என்பதால் சோஃபிக்குக் கல்லூரியில் இடமில்லை. லெ பிளான் என்ற ஆண் பெயரில் லாக்ராஞ்சுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். அதிரும் தகடுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1816-இல் அறிவியல் கழகத்தின் பரிசை வென்றார். பரிசளித்த அதே கழகத்தின் கூட்டத்தில் தமக்கென ஓர் இடத்தில் உட்கார அவருக்கு உரிமை இல்லை. ஃபூரியர் செயலாளரான பின் 1823-இல் கழகத்தின் கூட்டங்களில் அவருக்கு இருக்கை கிடைக்கச் செய்தார். ஆதரவற்ற நிலையில் தமக்குத் திறந்த கதவை ஃபூரியர் மறந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது.

இறுதி நாள்கள்

ஃபூரியர் திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் மூச்சுத்திணறல் அவரை வாட்டியது. உடல் முன்னே சாய்ந்துவிடாதபடி, தலையும் கைகளும் மட்டும் வெளியே தெரியும் பெட்டி போன்ற ஓர் அமைப்பில் அமர்ந்து எழுதி வந்தாராம். 1830-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் படியில் இறங்கும்போது விழுந்தார். அதன்பின் நோய் முற்றியது. மே 16-ஆம் நாள் பாரிசில் உயிர் நீத்தார். பேர்-லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் சோஃபி ஜெர்மேனும் மறைந்தார்.

1889-இல் ஈஃபெல் கோபுரம் எழுந்தபோது அதில் 72 அறிஞர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அவற்றுள் ஃபூரியர் பெயர் உண்டு. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. சோஃபியின் பெயரும் இல்லை.

தையற்காரரின் மகன் என்றும், தனியே கணக்குக் கற்ற பெண் என்றும், மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்தே மனிதரை எடைபோட்ட உலகம் அது. நாமும் ஒருவரிடம் ஒரு நாள் பழகிவிட்டு, இவள் மனத்தில் ஈரமில்லாதவள் என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும் நேரத்தில், நாம் உணர்ந்தது அவளுடைய தன்மையையா, அந்நேரத்து நம் மனநிலையையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தொட்டு அறிந்ததை மதிப்போம். அதையே முடிவாகக் கொள்ளாமல் அளந்தும் பார்ப்போம். அளந்து பார்க்கும் பொறுமைக்கு ஃபூரியர் தம் வாழ்வில் பதினைந்து ஆண்டுகளைக் கொடுத்தார். பொதுத் தேர்விலோ வாழ்க்கையிலோ ஒருமுறை தவறியதற்காகச் சோர்ந்துவிடும் மாணவியர் அந்தப் பதினைந்து ஆண்டுகளை நினைத்துக்கொள்வார்களாக.